கேள்வி நாற்று

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். வலது உள்ளங்கையால் மார்புக் குழியை மேலிருந்து கீழாக ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். காதோடு ஒட்டியிருந்த மணியைத் தொட்டு, "நெஞ்சு வாயுக்கு எது சட்டுனு கேக்கும்?" என்றாள்.

நாலு கடை தள்ளி முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அருஞ்சுனைக்குப் புல்லரித்துவிட்டது. அந்தத் தேய்ப்பு அவனுடையது. அந்த ஐந்து சொல்லும் அவனுடையவை. ஏழு மாதத்துக்கு முன்னால், 'உடனே' என்று போடலாமா 'சட்டுனு' என்று போடலாமா என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அவன் செய்த கேள்வி. இன்றைக்கு முன்பின் தெரியாத ஒருத்தியின் வாயிலிருந்து, அவளே யோசித்துக் கேட்டதுபோல வருகிறது! அவள் காதில் விழுந்த விடை அவனுக்குக் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை. அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே எதிர்த்த மருந்துக் கடைக்குப் போய் வாயுமுத்து ஓர் அட்டை வாங்கினாள். அருஞ்சுனை முருங்கைக்காயை மறந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

மிளகு அளவே இருக்கும் அந்தக் காதுமணிக்குள் இருந்து, கேட்டதற்குக் காதோடு பதில் சொல்லும் பொறிதான் ஒருவிடை. அதற்கு முன்னால் தேடுபொறி என்று ஒன்று இருந்தது, வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சொல்லைத் தட்டினால் பக்கம் பக்கமாக வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையின் முதல் பக்கத்தில் இடம் பிடிக்க அடிதடி. அதற்குத் தேடுபொறி உகப்பாக்கம் என்று பெயர் வைத்து, பட்டயப் படிப்பு வைத்து, கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் மாநாடு கூடப் போட்டார்கள். அப்புறம் வரிசை ஒழிந்தது. பத்தைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது? ஒரு கேள்வி, ஒரு விடை, ஆளை விடு.

வரிசையில் முந்திப் பழகினவர்கள் சும்மா இருப்பார்களா? விடையையே வாங்கிவிட்டார்கள். தலைவலிக்கு என்ன செய்ய என்று கேட்டவனைப் பொறி குறிப்பிட்ட ஒரு ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பியது. குழந்தைக்குச் சளி என்று கேட்டால், உடனே வந்து அட்மிட் ஆகுங்கள் என்றது. கேட்டது ஒன்று, கேட்காமல் ஒட்டிக்கொண்டு வந்தது ஒன்பது. ஊர் கொதித்துப்போய்த்தான் விடைத் தூய்மைச் சட்டம் வந்தது. விடை உண்மையாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. கேட்டதற்கு மட்டுமே விடை என்பது இன்னொன்று. கேளாததைப் பொறி ஒரு சொல் சொன்னாலும் அது விளம்பரம், அதற்குச் சிறை.

நல்ல சட்டம்தான். யார் இல்லையென்றார்கள்? இன்றுவரை ஒருவிடை ஒரு பொய் சொன்னதாக யாரும் நிரூபித்தது கிடையாது. சட்டம் எழுதின புத்திசாலிகள் விடையைப் பூட்டி, சாவியையும் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டார்கள். கேள்வி திறந்தே கிடந்தது.

அந்தத் திறந்த வாசல் வழியாக உள்ளே புகுந்தவர்களில் ஒருவர்தான் இசக்கியப்பன் அண்ணாச்சி. முதல் பக்கத்துக்கு அடித்துக்கொண்ட காலத்தில் அந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர். இப்போது வண்ணார்பேட்டையில் மூன்றாவது மாடியில் நாற்றங்கால் என்ற நிறுவனம் நடத்துகிறார். அங்கே கம்பெனிகளிடம் காசு வாங்கிக்கொண்டு செய்வது கேள்வி நாற்று. அதை ஜனங்களின் வாயில் ஊன்றுவது நடவு. ஊன்றினது எத்தனை வாயில் ஏறியிருக்கிறது என்று தினமும் பார்ப்பது வாய்க்கணக்கு. நடவாளர்கள் நாற்பது பேர். அதில் முதல் கை அருஞ்சுனை.

சூட்சுமம் இவ்வளவுதான். 'நெஞ்சு ஏன் வலிக்குது?' என்று கேட்டால் ஒருவிடை இதயத்தைத்தான் முதலில் சொல்லும். 'நெஞ்சு வாயுக்கு எது சட்டுனு கேக்கும்?' என்று கேட்டால், வாயுதான் என்று கேட்டவளே தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டாள். பாக்கி இருப்பது எது வேகம் என்பது மட்டும். மூன்று நிமிடத்தில் கரையும் மாத்திரை ஊரில் வாயுமுத்து ஒன்றுதான். சத்தியமான உண்மை. பொறியும் அந்த உண்மையைச் சொல்லிவிட்டு, சட்டப்படி வாயை மூடிக்கொள்ளும்.

நடவுக்குப் பல வழி. நெடுந்தொடரில் மாமியார் கேட்பாள். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்பாள். அதற்கென்றே மாதச் சம்பளத்துக்கு வாய்க்காரிகள் இருக்கிறார்கள். சொல் மட்டும் போதாது, ஒரு கைச்சாடையும் வேண்டும். வாய் மறந்தாலும் கை மறக்காது. வலி வந்தால் கை தன்னால் போகும், கை போனால் பின்னாலேயே கேள்வி வரும். இதைக் கண்டுபிடித்தவன் அருஞ்சுனை. அதற்காகக் கேடயமெல்லாம் வாங்கியிருக்கிறான்.

"ஏல அருஞ்சுனை, தென்மாவட்டம் அஞ்சுலயும் நேத்து மட்டும் நாப்பத்தோராயிரம் வாயி!" என்று அன்றைக்கு அண்ணாச்சி அவன் தோளில் தட்டினார். "அந்தக் காலத்துல முதல் பக்கம் புடிக்க நாக்குத் தள்ளிப் போச்சு பாத்துக்கோ. இப்ப ஜனங்களுக்குள்ளயே உக்காந்துட்டோம்லா!"

"மார்க்கெட்ல ஒரு அம்மா கேட்டா அண்ணாச்சி. கை கூட அச்சு அசலா நம்ம கைதான்."

"அது உன் வீட்டு நாத்தோட ராசி."

வீட்டு நாற்று என்பது நாற்றங்காலின் வழக்கம். எந்தக் கேள்வியையும் வெளியே விடுமுன் நடவாளன் தன் வீட்டில்தான் முதலில் நட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. அவர்கள் ஒரு வாரத்துக்குள் தானாகக் கேட்டுவிட்டால் நாற்று தேறியது என்று அர்த்தம். அருஞ்சுனை ஒவ்வொரு நாளும் சாப்பிட்டுக் கை கழுவியதும் மார்பைத் தேய்த்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டான். அவன் மனைவி செண்பகவல்லி ஐந்தாவது நாளே கேட்டுவிட்டாள். அவள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். இதயத்துக்கு நாலு அறை என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவள். அவள் வாயிலேயே ஏறிவிட்டால் எவர் வாயிலும் ஏறும் என்று அண்ணாச்சி அன்றைக்கு எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

மார்க்கெட்டில் அந்த அம்மாளைப் பார்த்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். செண்பகம் அடுப்பில் உளுந்தம்பருப்புச் சோற்றுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, எள்ளுத் துவையலுக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். அருஞ்சுனை கூடத்தில் நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தான். கரண்டி தட்டில் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

செண்பகம் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளங்கை மார்புக் குழியில், மேலிருந்து கீழாக, ஒரு தேய்ப்பு. காதுமணியைத் தொட்டாள்.

"நெஞ்சு வாயுக்கு எது சட்டுனு கேக்கும்?"

அந்த நேரத்தில் அருஞ்சுனைக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழு மாதம் ஆகியும் வீட்டு நாற்று வாடவில்லையே என்று பெருமை. பழக்க தோஷத்தில் மேசைமேல் கிடந்த தொடுதிரைப் பலகையை இழுத்து வாய்க்கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கூட வைத்தான்.

"என்னங்க, அந்த மாத்திர அட்டைய எடுங்க. வேர்த்து ஊத்துது."

"இந்த வேக்காட்டுல அடுப்படில நின்னா வேர்க்காம என்ன செய்யும்?" என்று எடுத்துக் கொடுத்தான்.

போட்டுக்கொண்டாள். சற்று உட்கார்ந்தாள். "தேவல போலத்தான் இருக்கு" என்று எழுந்து மறுபடி அடுப்படிக்குப் போனாள். பதினொன்றரைக்குத் தாடை வலிக்கிறது என்றாள். இடது தோள் கனக்கிறது என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கை மார்புக்குப் போய்விட்டது. கேள்வியும் வந்துவிட்டது. இன்னொரு மாத்திரை. ஒருவிடை கேட்டதற்குப் பதில் சொன்னது, இரண்டு தடவையும் மிகச் சரியாக.

ஒரு மணிக்கு அவனுக்கு இலை போட்டுச் சோறு வைக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து இதயப் பிரிவு டாக்டர் மெர்லின் வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. கையுறையைக் கழற்றிக்கொண்டே நேரே அவனிடம் வந்தார்.

"வலி எப்ப ஆரம்பிச்சது சார்?"

"ஒம்பதரைக்கு."

"ஒன்றரைக்குக் கொண்டு வர்றீங்க. நாலு மணி நேரம். ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போட்டாச்சு. ஆனா இதயத் தசை பாதிக்கு மேல செத்துப்போச்சு. ஒரு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ரெண்டு நாள்ல நடத்தியே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"வாயுன்னு நெனச்சு..."

டாக்டர் மெர்லின் அவனையே பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை மார்பில் வைத்து மேலிருந்து கீழாக ஒரு முறை தேய்த்தார்.

"நெஞ்சு வாயுக்கு எது சட்டுனு கேக்கும்? அதானே கேட்டாங்க?"

அருஞ்சுனை தலையை மட்டும் ஆட்டினான்.

"இந்த மாசம் உங்க வீட்டம்மா பதினாலாவது ஆளு. ஜனங்க எப்பவுமே நெஞ்சு வலிய வாயுன்னு நெனைக்கத்தான் செய்வாங்க, நான் இல்லைங்கல. ஆனா ஆளுக்கு ஒரு தினுசா சொல்லுவாங்க. ஒருத்தர் ஏப்பம்பாரு, ஒருத்தர் புடிப்பும்பாரு, கூட இருக்கிறவங்க சந்தேகப்பட்டுக் கூட்டிட்டு வந்துடுவாங்க. இப்ப எல்லாரும் ஒரே வார்த்தை. கை கூட ஒரே மாதிரி. விவசாயிக்கும் அதே, வங்கி மேனேஜருக்கும் அதே. எங்கேருந்து சார் வந்தது இது?"

"தெரியல டாக்டர்."

"டீச்சர் வேலை பாக்காங்கன்னு எழுதியிருக்கு. அறிவியல் டீச்சர்!" என்று கசப்பாகச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்த மகளுக்குப் போன் போட்டுப் பேசினான். "அம்மாக்கு என்னப்பா?" என்று அவள் அழுதாள். "ஒண்ணுமில்ல, நீ வா" என்று மட்டும் சொன்னான். அவள் பஸ் ஏறிவிட்டாள்.

மூன்றரை மணிக்கு அண்ணாச்சி வந்தார். சாத்துக்குடிப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு அவனை மாடிப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அருஞ்சுனை அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அதைப் புடுங்கணும். இன்னைக்கே புடுங்கணும். பதினாலு பேருன்னு அந்தம்மா சொல்லுதாவ. இந்த ஒரு ஆஸ்பத்திரில மட்டும் பதினாலு."

"ஏல, முதல்ல உக்காரு. வாயில ஏறுன கேள்விய எப்படிப் புடுங்குவ? நீ பாக்காத நடவா? அதுக்கு மேல வேற ஒண்ணத்தான் நட முடியும்."

"நடுவோம். நானே நடுதேன். 'இது ஹார்ட் அட்டாக்கா?' மூணு வார்த்தை. கைய இடது தோளுல வச்சு..."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "நட்டுப் பாத்தாச்சுல. நீ வாரதுக்கு முந்தி, சுகாதாரத் துறைக்காரங்க வந்து கேட்டாங்க. இதே கேள்விதான். மூணு மாசம் தலைகீழா நின்னேன். ஒரு வாயில ஏறல. ஏன் தெரியுமா? பதிலு பயமா இருந்தா எவனும் கேள்விய வாயில எடுக்க மாட்டான். வாயுன்னா மாத்திர போட்டா முடிஞ்சு போச்சு. ஹார்ட்டுன்னா சாவு கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்கும். ஜனங்களுக்கு எந்தக் கேள்வி சுகமா இருக்கோ, அதத்தான் கேப்பாவ. நம்ம தொழிலே அதுலதான ஓடுது."

"அப்ப என் செண்பகம்?"

அண்ணாச்சிக்கும் கண் கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. அவள் கையால் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கோ. அந்த டாக்டரம்மாகிட்ட வாயத் திறந்துராத. நாப்பது பேரு வீட்டுல அடுப்பு எரியுது. சட்டப்படி நம்ம ஒரு தப்பும் செய்யல. பொய் சொல்லல. கேள்விதான கேட்டோம்?"

நாலு மணிக்கு ஒருவரை மட்டும் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். செண்பகத்தின் உடம்பெல்லாம் குழாய். நகையோடு சேர்த்துக் காதுமணியையும் நர்சம்மா கழற்றி ஒரு கவரில் போட்டிருந்தாள். வெற்றுக் காது பார்க்கவே என்னவோ போல இருந்தது. அவன் போய் நின்றதும் கண் திறந்தாள். வலது கை போர்வைக்குள்ளேயே அசைந்தது. மேலிருந்து கீழாகத்தான். அவனுக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது.

"என்னங்க."

"சொல்லு, செண்பகம்."

"வாயுதான?"

காதில் மணி இல்லாததால் அவனைக் கேட்டாள். எத்தனை வருஷம் ஆயிற்று அவள் அவனிடம் ஒரு கேள்வி கேட்டு! ஒருவிடைக்கு இருக்கிற சட்டம் புருஷனுக்குக் கிடையாது. கேளாததையும் அவன் சொல்லலாம். இல்லம்மா, இதயம், நான்தான் உன் வாயில் அதை வைத்தேன், உன்னை வைத்துத்தான் அதைச் சோதித்துப் பார்த்தேன் என்று சொல்லலாம். அவன் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினான்.

"ஆமா, வாயுதான். சரியாப் போச்சு."

அவள் முகம் தெளிந்தது. "நான் நெனச்சேன். அடுப்ப அணைச்சியளா?"

"அணைச்சிட்டேன்."

அணைத்தானா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. நர்சம்மா நேரமாகிவிட்டது என்று சைகை காட்டினாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஆறரை மணிக்கு டாக்டர் மெர்லின் வந்தார். நின்றபடி சொல்லிவிட்டுப் போகவில்லை. அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு தடவை நின்னுது. ரெண்டு தடவையும் திருப்பிக் கொண்டு வந்தோம். மூணாவது தடவை வரல சார். என்னால முடிஞ்சதைப் பண்ணிட்டேன்."

அருஞ்சுனை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரவில்லை. அவர் எழுந்து போவார் என்று நினைத்தான். அவர் போகவில்லை.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா நாளைக்கு இன்னொரு ஆள் இதே மாதிரி வந்து படுப்பாங்க, அதான் கேக்கேன். அந்தக் கேள்விய யாரோ செய்றாங்க சார். அது தானா முளைக்கல. நான் மேல எழுதிப் போட்டா, ஆதாரம் என்னன்னு கேக்காங்க. பதினாலு குடும்பத்துல ஒரு குடும்பமாவது எழுதிக் கொடுத்தாப் போதும், உங்க வீட்டம்மா எங்க கத்துக்கிட்டாங்க, யாரு மூலமா வந்ததுன்னு. சொல்லுவீங்களா?"

அவன் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தான். அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்கிறார்.

"சொல்லுதேன் டாக்டர்" என்றான்.

"பத்து நிமிஷத்துல தாள் கொண்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

அவன் சொன்னது பொய்யில்லை. சொல்லிவிடுவது என்றுதான் முடிவு பண்ணியிருந்தான். நாற்றங்கால், அண்ணாச்சி, வாய்க்காரிகள், வீட்டு நாற்று எல்லாவற்றையும். தன் பெயரை முதலில் எழுதுவது என்று கூட நினைத்துக்கொண்டான். மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். அவள் இறங்கி வருமுன் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்க முடியும்.

தனியாக உட்கார்ந்ததும் தொண்டைக்குள் ஒரு கேள்வி வந்து நின்றது. நான்தான் கொன்னேனா? இரண்டே சொல். ஒருவிடையிடம் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும், அதற்குப் பொய் தெரியாது. கேட்டே தீர வேண்டும் என்று காதுமணியைத் தொட்டான். வாயைத் திறந்தான். மூடினான். இன்னொரு முறை திறந்தான். கை தன்னால் எழுந்தது. மடக்கிய வலது கை முட்டி இடது உள்ளங்கையில் ஓங்கிக் குத்தியது.

"டாக்டர் எங்க கோட்டை விட்டாங்க?"

கேட்டது அவன்தான். குரல் அவனுடையதுதான்.

ஒருவிடை, உறவினருக்குச் சட்டம் திறந்துவிட்டிருக்கும் சிகிச்சைப் பதிவைப் படித்துவிட்டு, அலுங்காமல் சொன்னது. "நோயாளி வந்ததற்கும் ஊசி போட்டதற்கும் இடையே பதினெட்டு நிமிடம். இந்த ஆஸ்பத்திரியின் நெறிமுறைப்படி பத்து நிமிடம்."

உண்மை. பொறி எப்போது பொய் சொல்லியிருக்கிறது?

அருஞ்சுனை தன் முட்டியைப் பார்த்தான். உள்ளங்கையைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு நாற்றுத் தெரியாதா? நாலு சொல். டாக்டர் கோட்டை விட்டார் என்ற தீர்ப்பு உள்ளேயே இருக்கிறது. எங்கே என்பது மட்டும்தான் பாக்கி. கூடவே ஒரு கைச்சாடை. எதிர்ப் பெஞ்சில் கைலி கட்டிய ஒரு பெரியவர், அவருடைய மகனோ தம்பியோ உள்ளே போனவன் திரும்பவில்லை போலிருக்கிறது, முட்டியால் உள்ளங்கையைக் குத்திக்கொண்டு உதட்டை அசைத்தார். அதே நாலு சொல். நாற்றங்காலில் நாற்பது பேரில் எவனோ, ஏதோ வக்கீல் சங்கத்துக்காக நட்டிருக்கிறான். எவன் எதை நடுகிறான் என்று அங்கே ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக்கொள்வது கிடையாது. எவனானாலும் நல்ல கைக்காரன். எந்த நெடுந்தொடரில், எந்த டீக்கடையில் தன் வாயில் இது வந்து உட்கார்ந்தது என்று அருஞ்சுனைக்குப் பிடிபடவே இல்லை.

துப்பிவிட்டிருக்கலாம். அவன் ஒருவனாவது துப்பியிருக்கலாம். நாற்று என்று தெரிந்தும் விழுங்கினவன் என்று அவனைத்தான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால், ஒரு மணியிலிருந்து நெஞ்சுமேல் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்தக் கேள்வி கேட்டதும் இறங்கியிருந்தது. முதல் தடவையாக முழுசாக மூச்சு விட முடிந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர் வாயில் வைத்தே பழகியவனுக்கு, தன் வாயில் வரும்போது அது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாது. ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை நாலு மணி நேரம் அவனுடையது. அதை வைத்துக்கொண்டு அவன் எப்படி வீட்டுக்குப் போவான், எப்படித் தூங்குவான், மகளிடம் என்ன சொல்வான்? பதினெட்டு நிமிடம் டாக்டருடையது. அதைச் சொல்லலாம். அதை எங்கே வேண்டுமானாலும், யாரிடம் வேண்டுமானாலும் நிமிர்ந்து நின்று சொல்லலாம்.

டாக்டர் மெர்லின் ஒரு தாளும் பேனாவும் கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. எங்கேயோ போய் அழுதுவிட்டு வந்திருக்க வேண்டும்.

"எழுதலாமா சார்? நீங்க சொல்லச் சொல்ல நானே எழுதிக்கிறேன்."

அருஞ்சுனை எழுந்தான். எதிர்ப் பெஞ்சுப் பெரியவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவன் முட்டியை உள்ளங்கையில் ஓங்கிக் குத்தினான்.

"நீங்க எங்க கோட்டை விட்டிய, டாக்டர்?"

அவருக்கு விளங்கவில்லை. "சார்?"

"பதினெட்டு நிமிஷம்!" அவன் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "வந்து பதினெட்டு நிமிஷம் ஊசி போடாம என்ன பண்ணிக்கிட்டு இருந்திய? பத்து நிமிஷத்துல போடணும்லா? என் பொஞ்சாதிய நீங்கதான் கொன்னுட்டிய!"

பெரியவரும் எழுந்துவிட்டார். "எங்களுக்கும் அதேதான்! கேளுங்கய்யா!" என்று முட்டியைக் குத்தினார். ஒருவர் பின் ஒருவராகப் பெஞ்சுகளிலிருந்து எழுந்து வந்தார்கள். முட்டிகள் உள்ளங்கையில் விழும் சத்தம் வராந்தாவில் கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் மெர்லின், எழுதாத அந்தத் தாளை நாலாக மடித்து வெள்ளைக் கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார்.